முத்தின் கடினமும் முத்தின் ஒளியும்: ஃபோட்டானும் பொருள்துகளும் எங்கே பிரிகின்றன?

ஃபோட்டான் ஒரு துகள். எலெக்ட்ரானும் ஒரு துகள். அப்போ ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?

கேட்க எளிமையான கேள்விதான். ஆனால் பாடப்புத்தகம் ஒரு விடை சொல்கிறது, யூடியூப் வேறொரு விடை சொல்கிறது. "எல்லாமே ஆற்றல்தான், பொருளும் ஒளியும் ஒன்றே" என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் தத்துவ விடையும் இருக்கிறது. இந்தக் கடைசி விடை கேட்க இனிமையானது, பாதி உண்மையும்கூட. விட்டுப்போன மறுபாதியில்தான் நாம் உட்காரும் நாற்காலி ஏன் நம்மைத் தாங்குகிறது, நட்சத்திரங்கள் ஏன் சாகின்றன என்பதெல்லாம் இருக்கிறது. அதனால் இந்தக் குறிப்பில் அந்த மறுபாதியைப் பார்க்கலாம்.

உதாரணத்துக்கு ஒரு முத்தை எடுத்துக்கொள்வோம். வைப்பாறு மன்னார் வளைகுடாவில் கலக்கும் இடத்தை ஒட்டிய ஊர் கீழவைப்பார். பக்கத்து ஊரின் பெயரே சிப்பிகுளம். தூத்துக்குடியை மையமாக வைத்து நூற்றாண்டுகளாக முத்துக்குளிப்பு நடந்த கடற்கரை இது. கடைசி முத்துக்குளிப்பு 1961-ல் நடந்து முடிந்தது. 1973-ல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் தூத்துக்குடியில் வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டியது. சங்கு குளிப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

ஒரு முத்தைக் கையில் வைத்தால் நமக்கு இரண்டு செய்திகள் வருகின்றன. ஒன்று, அது விரலுக்குள் அமுங்காமல் உருண்டையாக, கெட்டியாக இருக்கிறது. இன்னொன்று, அதன் மேல் இளஞ்சிவப்பும் பச்சையும் கலந்த ஒரு பளபளப்பு நகர்கிறது. முதல் செய்தியைத் தருவது பொருள்துகள்கள். இரண்டாவதைக் கொண்டுவருவது ஃபோட்டான்கள், அதாவது ஒளியின் மிகச் சிறிய பொட்டலங்கள். இரண்டும் ஒரே உருண்டையிலிருந்துதான் வருகின்றன, ஆனால் நடந்துகொள்ளும் விதம் நேர் எதிர். ஏன்?

தப்பான விடை 1: "ஒன்று அலை, இன்னொன்று துகள்"

பள்ளியில் படித்தது இதுதான்: ஒளி அலை, எலெக்ட்ரான் துகள். இது 1920களிலேயே காலாவதியாகிவிட்டது.

உலோகத்தின் மேல் ஒளி பட்டால் எலெக்ட்ரான் தெறிப்பதை விளக்க, ஒளி பொட்டலமாகத்தான் வருகிறது என்று 1905-ல் ஐன்ஸ்டைன் சொன்னார். எக்ஸ் கதிர் எலெக்ட்ரானில் மோதித் திரும்பும்போது பில்லியர்ட்ஸ் பந்து போலக் கணக்கு சரியாக வருகிறது என்று 1923-ல் காம்ப்டன் காட்டினார். ஆக, ஒளி துகளாகவும் நடந்துகொள்கிறது.

மறுபக்கம், பொருளுக்கும் அலைத்தன்மை உண்டு என்று 1924-ல் டி பிராய் சொன்னார். 1927-ல் அமெரிக்காவில் டேவிசனும் ஜெர்மரும் நிக்கல் படிகத்தில் எலெக்ட்ரான்களைச் செலுத்தி, அவை அலை போலவே வளைந்து கலப்பதைப் பார்த்தார்கள். 1999-ல் வியன்னாவில் 60 கார்பன் அணுக்கள் சேர்ந்த பந்து போன்ற மூலக்கூறையே அலையாக நடக்க வைத்துவிட்டார்கள்.

எனவே அலை-துகள் இரட்டைத்தன்மை இரு தரப்புக்கும் பொதுவானது. அதை வைத்து இவர்களைப் பிரிக்க முடியாது.

தப்பான விடை 2: "ஒன்றுக்கு நிறை உண்டு, இன்னொன்றுக்கு இல்லை"

இது கொஞ்சம் நல்ல விடை. ஃபோட்டானுக்கு ஓய்வு நிறை சுழியம். அதனால்தான் அது வெற்றிடத்தில் எப்போதும் நொடிக்கு 29,97,92,458 மீட்டர் வேகத்தில் மட்டுமே போகும். நின்றுபோன ஃபோட்டான் என்று ஒன்று கிடையாது. எலெக்ட்ரானுக்கு நிறை உண்டு. அதை மெதுவாக ஓட்டலாம், கிட்டத்தட்ட நிறுத்தியும் வைக்கலாம்.

ஆனால் நிறையை மட்டும் எல்லைக்கோடாக வைத்தால் இரண்டு பக்கமும் ஓட்டை விழும்.

ஒரு பக்கம் நியூட்ரினோ. தேனி பொட்டிப்புரம் ஆய்வகத் திட்டம் பற்றிய விவாதங்களில் அடிபட்ட அதே பெயர்தான். சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோக்கள் நம் உடம்பின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரையும் நொடிக்கு சுமார் 6,500 கோடி என்ற கணக்கில் கடந்து போகின்றன. அதற்கு மின்னூட்டம் இல்லை. நிறை இருந்தாலும் எலெக்ட்ரானோடு ஒப்பிடும்போது ஒன்றுமே இல்லாத அளவு. இருந்தும் இயற்பியலாளர்கள் அதை எலெக்ட்ரானின் குடும்பத்தில்தான் வைக்கிறார்கள், ஃபோட்டானின் குடும்பத்தில் அல்ல.

இன்னொரு பக்கம் டபிள்யூ, இசட் என்ற துகள்கள். 1983-ல் ஐரோப்பாவின் செர்ன் ஆய்வகத்தில் கண்டுபிடிக்கப்பட்டவை. புரோட்டானைவிட முறையே சுமார் 86 மடங்கும் 97 மடங்கும் கனமானவை. இவ்வளவு கனம் இருந்தும் இவை ஃபோட்டானின் பங்காளிகள். பொருளை உருவாக்குபவை அல்ல, விசையைக் கடத்துபவை.

போதாக்குறைக்கு, ஒளிக்கு ஓய்வு நிறை இல்லை என்றாலும் ஆற்றல் உண்டு. ஆற்றல் வெளியேறினால் நிறை குறையும். சூரியன் ஒளியாக மட்டும் நொடிக்கு சுமார் 40 லட்சம் டன் நிறையை இழந்துகொண்டிருக்கிறது.

அப்போ எதை வைத்துப் பிரிப்பது? ரெண்டு கேள்வி கேட்டால் போதும். முதல் கேள்வி: இதை சுவடில்லாமல் அழிக்க முடியுமா? இரண்டாவது: ஒரே இடத்தில் எத்தனை பேர் உட்காரலாம்?

முதல் கேள்வி: கணக்கில் வருமா, வராதா?

முத்துச் சிப்பிகள் வாழும் கடலடிப் பாறைத் திட்டுகளை இந்தக் கரையில் 'பார்' என்பார்கள். 10 பாகம் ஆழத்தில், அதாவது சுமார் 18 மீட்டரில் ஒரு பார் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கல்லைக் கட்டிக்கொண்டு அதில் இறங்கும் ஒருவரோடு சூரிய ஒளியும் இறங்குகிறது.

மேலிருந்து புறப்படும்போது அந்த ஒளியில் எல்லா நிறங்களும் உண்டு. ஆனால் நீர் மூலக்கூறுகள் சிவப்பு ஃபோட்டான்களை விழுங்கிவிடும். 650 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பை எடுத்துக்கொண்டால், சுத்தமான நீரில்கூட 18 மீட்டர் ஆழத்தை எட்டுவது ஆயிரத்தில் இரண்டு பங்குதான். நீல ஒளியில் பெரும்பங்கு பிழைத்துக் கீழே வரும். கீழே ஒரு காயம் பட்டால் ரத்தம் சிவப்பாகத் தெரியாது, கருமையாகத் தெரியும். காட்டுவதற்கு அங்கே சிவப்பு ஃபோட்டானே மிச்சமில்லை.

விழுங்கப்பட்ட ஃபோட்டான்கள் எங்கே போயின? எங்கேயும் போகவில்லை. நீருக்குள் ஒளிந்துகொள்ளவும் இல்லை. அவற்றின் ஆற்றல் நீர் மூலக்கூறின் அதிர்வாக மாறி, கடைசியில் வெப்பமாகிவிட்டது. ஆற்றல் கணக்கு சரியாக இருக்கிறது. ஃபோட்டான் என்ற ஆள் மட்டும் இல்லை.

இறங்கியவரின் உடம்பில் உள்ள ஓர் எலெக்ட்ரானுக்கு இப்படி நடக்காது. அது ஓர் அணுவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவலாம், உப்புநீரில் ஓர் அயனியோடு போய்ச் சேரலாம். ஆனால் சும்மா மறைந்துபோக முடியாது. அதனிடம் எதிர் மின்னூட்டம் இருக்கிறது; பிரபஞ்சம் மின்னூட்டக் கணக்கை ஒரு பைசா பிசகாமல் வைத்திருக்கிறது.

உருவாவதும் அப்படித்தான். டார்ச் லைட்டைப் போட்டால் போதும், ஃபோட்டான் பிறக்கும். ஒரு வாட் பச்சை ஒளி என்றால் நொடிக்கு சுமார் 27,000 கோடி கோடி ஃபோட்டான்கள். அவை பேட்டரிக்குள் முன்பே அடைத்து வைக்கப்பட்டிருந்தவை அல்ல. அந்த நொடியில் பிறந்தவை.

எலெக்ட்ரானை இப்படிப் பிறக்க வைக்க முடியாதா? முடியும். ஆனால் தனியாக வராது. 10,22,000 எலெக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல் ஆற்றல் உள்ள ஒரு காமா ஃபோட்டான் அணுக்கருவின் அருகே போகும்போது, எலெக்ட்ரான் ஒன்றும் அதன் எதிர்த்துகளான பாசிட்ரான் ஒன்றும் ஜோடியாகப் பிறக்கும். பாசிட்ரானை ஆண்டர்சன் 1932-ல் கண்டுபிடித்தார். திரும்பி நடப்பதும் உண்டு: எலெக்ட்ரானும் பாசிட்ரானும் சந்தித்தால் இரண்டும் அழிந்து ஃபோட்டான்களாகின்றன. ஆஸ்பத்திரிகளில் எடுக்கும் பெட் ஸ்கேன் இந்த ஃபோட்டான் ஜோடிகளைப் பிடித்துத்தான் உடம்புக்குள் படம் போடுகிறது.

கணக்கு எழுதுகிறவர்களுக்கு இது பழக்கமான விஷயம். எலெக்ட்ரானுக்கு ஒரு பற்று எழுதினால் பாசிட்ரானுக்கு ஒரு வரவு எழுதியாக வேண்டும். ஃபோட்டானுக்கு மின்னூட்டப் பேரேட்டில் பக்கமே கிடையாது. "பொருளும் ஒளியும் ஒன்றே" என்ற வாக்கியம் தவறவிடுவது இதைத்தான். ஒன்று இன்னொன்றாக மாறலாம், ஆனால் கணக்குப் புத்தகத்தைக் காட்டிவிட்டுத்தான் மாற வேண்டும்.

இரண்டாவது கேள்வி: ஒரு இடத்தில் எத்தனை பேர்?

இதற்கு விடை 1924-ல் டாக்காவிலிருந்து வந்தது. டாக்கா பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்த சத்யேந்திர நாத் போஸ் ஒரு சிறிய கட்டுரையை ஐன்ஸ்டைனுக்கு அனுப்பினார். சூடான பொருளிலிருந்து வரும் ஒளி எந்த நிறத்தில் எவ்வளவு இருக்கும் என்பதற்கு 1900-ல் பிளாங்க் ஒரு சூத்திரம் கொடுத்திருந்தார். சூத்திரம் சரி, ஆனால் அதை வருவிக்கும் வழியில் பழைய அலைக் கொள்கையைத் துணைக்கு இழுக்க வேண்டியிருந்தது. போஸ் ஒளியைத் துகள்களாக மட்டும் எண்ணி அதே சூத்திரத்துக்கு வந்துசேர்ந்தார். எண்ணிய விதம்தான் புதுசு. ஐன்ஸ்டைன் அதைத் தானே ஜெர்மனில் மொழிபெயர்த்து வெளியிட வைத்தார்.

அந்தப் புது எண்ணிக்கை என்ன? இரண்டு பெட்டி, இரண்டு முத்து என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சாதாரண முத்துகளானால் நான்கு வழிகள்: இரண்டும் முதல் பெட்டியில்; இரண்டும் இரண்டாம் பெட்டியில்; இந்த முத்து இங்கே, அந்த முத்து அங்கே; அல்லது அப்படியே மாற்றி. இரண்டும் ஒரே பெட்டியில் இருக்க வாய்ப்பு நான்கில் இரண்டு, அதாவது பாதி.

ஃபோட்டான்களானால் மூன்றே வழிகள். 'இந்த' ஃபோட்டான், 'அந்த' ஃபோட்டான் என்ற பேச்சுக்கே இடமில்லை என்பதால் கடைசி இரண்டும் ஒரே வழியாகிவிடுகின்றன. மூன்றும் சம வாய்ப்பு. ஆகவே இரண்டும் ஒரே பெட்டியில் இருக்க வாய்ப்பு மூன்றில் இரண்டு. பாதியைவிட அதிகம்! ஒருவரையொருவர் இழுக்க எந்த விசையும் இல்லாமலே, வெறும் எண்ணிக்கையாலேயே ஃபோட்டான்கள் கூட்டம் சேர்கின்றன.

எலெக்ட்ரான்களானால் ஒரே வழி: பெட்டிக்கு ஒன்று. இது 1925-ல் பவுலி சொன்ன விலக்கல் விதி. ஒரே நிலையில் இரண்டு எலெக்ட்ரான் இருக்கவே முடியாது. ஒரே பெட்டியில் இரண்டும் இருக்க வாய்ப்பு சுழியம். இந்த எண்ணிக்கை முறையை 1926-ல் ஃபெர்மியும் டிராக்கும் தனித்தனியே உருவாக்கினார்கள்.

நம்ம மென்பொருள் மொழியில் சொன்னால், எலெக்ட்ரானுக்கும் ஃபோட்டானுக்கும் ஐடி கிடையாது. ஒவ்வொரு நிலைக்கும் ஒரு கவுண்டர் மட்டும்தான் இருக்கிறது. ஃபோட்டானுக்கு அந்தக் கவுண்டர் இன்டிஜர்: 0, 1, 2, எவ்வளவு வேண்டுமானாலும். எலெக்ட்ரானுக்கு அது பூலியன்: இருக்கு, அல்லது இல்லை. உலகத்தில் இருக்கும் எல்லா வேதியியலும் இந்த ஒரு டேட்டா டைப் வித்தியாசத்தின் மேல் நிற்கிறது.

ரயில் உதாரணம் இன்னும் எளிது. முத்துநகர் எக்ஸ்பிரஸில் பெர்த்துகள் கீழிருந்து நிரம்புவது போல, அணுவில் எலெக்ட்ரான்கள் குறைந்த ஆற்றல் நிலையிலிருந்து நிரம்புகின்றன. ஒரு சுற்றறையில் எதிரெதிர் சுழற்சியுள்ள இரண்டு எலெக்ட்ரான் வரை இடம் உண்டு. ஆர்ஏசி டிக்கெட்டில் ஒரே சைடு லோயரில் இரண்டு பேர் உட்கார்வது மாதிரி. மூன்றாவது ஆள் வந்தால் அடுத்த பெர்த்துக்கு, அதாவது அடுத்த ஆற்றல் நிலைக்குப் போயாக வேண்டும். தனிம வரிசை அட்டவணையின் வடிவமே இந்த ரிசர்வேஷன் சார்ட்தான்.

ஃபோட்டான்கள் அப்படியில்லை. ஒரு நிலையில் ஏற்கெனவே எத்தனை ஃபோட்டான் இருக்கிறதோ, அதற்கேற்ப அடுத்தது அங்கே பிறக்கும் வாய்ப்பு கூடும். 1960-ல் வந்த லேசர் இந்தக் குணத்தால்தான் வேலை செய்கிறது: கோடானுகோடி ஃபோட்டான்கள் ஒரே நிலையில், ஒரே திசையில், ஒரே தாளத்தில். 2006-ல் தூத்துக்குடிக்கும் இலங்கையின் மவுண்ட் லவினியாவுக்கும் இடையே, முன்பு முத்தெடுத்த அதே மன்னார் வளைகுடா வழியாகக் கடலடி ஒளியிழைக் கேபிள் போட்டார்கள். இத்தகைய கேபிள்களின் ஒளி லேசரிலிருந்துதான் வருகிறது. ஒரே கண்ணாடி இழையில் பல நிற ஒளிகள் ஒன்றையொன்று தடுக்காமல் கடந்து போகின்றன. அதற்கு முதல் காரணம் ஃபோட்டானுக்கு மின்னூட்டம் இல்லாதது. இரவில் இரண்டு படகுகளின் விளக்குக் கதிர்கள் குறுக்கே வெட்டிக்கொண்டாலும் ஒன்றும் ஆவதில்லையே, அதே கதைதான்.

போஸ் வழியில் எண்ணப்படுபவை போசான்கள், ஃபெர்மி வழியில் எண்ணப்படுபவை ஃபெர்மியான்கள். இரண்டு பெயர்களையும் 1945-ல் டிராக் வைத்தார். யார் எந்தப் பக்கம் என்பதைத் தீர்மானிப்பது சுழற்சி என்ற உள்ளார்ந்த குணம். எலெக்ட்ரான், நியூட்ரினோ, குவார்க் எல்லாவற்றுக்கும் சுழற்சி அரை. ஃபோட்டானுக்கு ஒன்று. ஃபோட்டானின் சுழற்சிக்கு ஒளிச்சிதறல் சோதனை வழியாக ஆதாரம் தந்து 1931-ல் கட்டுரை எழுதியவர்கள் சி.வி. ராமனும் பகவந்தமும்.

முத்து ஏன் கெட்டியாக இருக்கிறது?

முத்து என்பது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். வீட்டுச் சுவரில் அடிக்கும் சுண்ணாம்பு காய்ந்து இறுகினால் ஆவதும் அதே வேதிப்பொருள்தான். அதன் அணுக்களில் பெரும்பகுதி வெற்றிடம். அப்படியிருந்தும் விரல் ஏன் முத்துக்குள் நுழைவதில்லை?

"எலெக்ட்ரானை எலெக்ட்ரான் விலக்குகிறது, அதனால்" என்று சொல்வது வழக்கம். அது மட்டும் போதாது. அணுவில் விலக்கும் விசை இருப்பது போல, கருவுக்கும் எலெக்ட்ரானுக்கும் இடையே இழுக்கும் விசையும் இருக்கிறது. இழுவை ஜெயித்து எல்லாம் சுருங்கிவிடாமல் தடுப்பது எது? 1967-ல் ஃப்ரீமன் டைசனும் ஆண்ட்ரூ லெனார்டும் இதற்குக் கணித நிரூபணம் தந்தார்கள்: பவுலி விதி இருப்பதால்தான் பொருள் நிலையாக நிற்கிறது. எலெக்ட்ரான்கள் போசான்களாக இருந்தால் பொருள் தன்மேலேயே சுருங்கிக்கொண்டே போகும். சாதாரணப் பொருட்கள் இரண்டை ஒன்றுசேர்த்தாலே அணுகுண்டு அளவுக்கு ஆற்றல் வெளியாகும் என்பது டைசனின் கணக்கு.

ஆக, முத்து கெட்டியாக இருப்பதும், நாற்காலி நம்மைத் தாங்குவதும், "இந்த இடத்தில் ஏற்கெனவே ஆள் இருக்கு" என்று எலெக்ட்ரான்கள் பிடிவாதம் பிடிப்பதால்தான்.

அந்தப் பிடிவாதத்துக்கும் ஓர் எல்லை உண்டு

எல்லையைக் கண்டுபிடித்தவர் சென்னை மாநிலக் கல்லூரி மாணவர். 1928-ல் ஜெர்மன் இயற்பியலாளர் சோமர்ஃபெல்ட் சென்னைக்கு வந்தார். அவரைத் தேடிப் போய்ச் சந்தித்த சுப்ரமணியன் சந்திரசேகர், பாடப்புத்தகத்தில் படித்த இயற்பியல் ஏற்கெனவே மாறிவிட்டது என்று அவரிடமிருந்து தெரிந்துகொண்டார். ஃபெர்மி-டிராக் எண்ணிக்கை முறை அவருக்கு அறிமுகமானது அப்போதுதான். அடுத்த ஆண்டே அதை காம்ப்டன் சிதறலுக்கு, அதாவது ஃபோட்டானும் எலெக்ட்ரானும் மோதிக்கொள்ளும் நிகழ்வுக்குப் பொருத்தி ஒரு கட்டுரையை லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வெளியிட்டார்.

1930-ல் 19 வயதில் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். போகும் வழியில் அவர் போட்ட கணக்கு வெண்குள்ளன் நட்சத்திரங்களைப் பற்றியது. எரிபொருள் தீர்ந்துபோன நட்சத்திரம் தன் எடையாலேயே சுருங்கி, சூரியன் அளவு நிறையோடு பூமி அளவுக்கு வந்துவிடும். அதன் ஒரு கன சென்டிமீட்டர் ஒரு டன்னைத் தாண்டும். அதற்கு மேல் சுருங்காமல் தாங்கிப் பிடிப்பது வெப்பம் அல்ல, எலெக்ட்ரான்களின் அதே பிடிவாதம். இதை ஃபௌலர் 1926-லேயே சொல்லியிருந்தார்.

சந்திரசேகர் சேர்த்தது ஒரு கேள்வி. நட்சத்திரம் கனமாகக் கனமாக, கீழ் பெர்த்துகள் எல்லாம் நிரம்பி, எலெக்ட்ரான்கள் மேலும் மேலும் உயர்ந்த ஆற்றல் நிலைக்குத் தள்ளப்படும். அவற்றின் வேகம் ஒளியின் வேகத்தை நெருங்கும். நெருங்கினால் என்ன ஆகும்?

என்ன ஆகும் என்றால், எலெக்ட்ரானின் ஆற்றலுக்கும் உந்தத்துக்கும் உள்ள உறவு ஃபோட்டானுடையதைப் போலவே ஆகிவிடும். அந்த வேகத்தில் ஓய்வு நிறை கணக்கில் ஒரு பொருட்டே இல்லை. அப்படிப்பட்ட துகள்களின் அழுத்தம், நட்சத்திரம் சுருங்கும்போது ஈர்ப்பு கூடும் அதே விகிதத்தில்தான் கூடுகிறது. ஈர்ப்பை முந்த முடியாது. ஆக ஒரு குறிப்பிட்ட நிறைக்கு மேல் தாங்க வழியே இல்லை. இன்று சூரியனைப் போல் சுமார் 1.4 மடங்கு என்று ஏற்கப்பட்டிருக்கும் சந்திரசேகர் எல்லை இதுதான். 1935 ஜனவரியில் லண்டன் கூட்டத்தில் எடிங்டன் இதைப் பகிரங்கமாகக் கேலி செய்தார். 1983-ல் சந்திரசேகருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

நம் கேள்விக்கு இதில் ஒரு அழகான விடை இருக்கிறது. எலெக்ட்ரான் வேகத்தில் ஃபோட்டானைப் போல ஆகலாம். ஆனால் எண்ணிக்கையில் ஒருபோதும் ஆகாது. அந்த நிலையிலும் பெர்த்துக்கு ஒன்று என்ற விதியை அது விடுவதில்லை. நிறை என்பது வேகத்துக்கேற்ப முக்கியமாகவோ முக்கியமில்லாமலோ போகிற குணம்; எண்ணிக்கை விதி எந்த வேகத்திலும் மாறாத குணம். உண்மையான எல்லைக்கோடு எது என்று இதிலிருந்தே தெரிகிறது, இல்லையா?

ஒரு சந்தேகம்

"ஹீலியம் அணு போசான் என்று படித்தேனே, அது பொருள்தானே?" என்று சிலர் கேட்கலாம். நல்ல கேள்வி. ஹீலியம்-4 அணுவில் இரண்டு புரோட்டான், இரண்டு நியூட்ரான், இரண்டு எலெக்ட்ரான். ஆறும் ஃபெர்மியான்கள். இரட்டைப்படை எண்ணிக்கையில் ஃபெர்மியான்கள் சேர்ந்தால் மொத்தமாக அது போசான் போல நடக்கும். 1995-ல் அமெரிக்காவில் கார்னெலும் வைமனும் ரூபிடியம் அணுக்களை மிகக் கடுமையாகக் குளிர்வித்து, ஆயிரக்கணக்கான அணுக்களை ஒரே நிலையில் உட்கார வைத்தார்கள். போஸும் ஐன்ஸ்டைனும் எண்ணிய எண்ணிக்கையின் நேரடி விளைவு அது.

ஆனால் அந்த அணுக்களை நசுக்க முயன்றால், உள்ளே இருக்கும் எலெக்ட்ரான்கள் தங்கள் பெர்த்தை விட்டுக்கொடுக்காது. அடிப்படைத் துகள்கள் என்ற அளவில் விதி மாறுவதில்லை: பொருளைக் கட்டுபவை எல்லாம் ஃபெர்மியான்கள். விசையைக் கடத்துபவை போசான்கள். முத்துக்குள் எலெக்ட்ரானையும் கருவையும் சேர்த்துப் பிடித்திருக்கும் மின்காந்த விசையே ஃபோட்டானின் புலம்தான் என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும். செங்கல் ஒரு வகை, சாந்து இன்னொரு வகை.

அந்தப் பளபளப்பு

கெட்டித்தன்மைக்குக் காரணம் சொல்லியாச்சு. பளபளப்பு மிச்சம் இருக்கிறது. முத்துக்குள் சுண்ணாம்புத் தகடுகள் அடுக்கடுக்காக, இடையே மெல்லிய கரிமப் பசையோடு இருக்கின்றன. ஒரு தகட்டின் தடிமன் அரை மைக்ரோமீட்டர் அளவு. கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் 0.4 முதல் 0.7 மைக்ரோமீட்டர். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவில் இருப்பதால், வெவ்வேறு அடுக்கிலிருந்து திரும்பும் ஒளி ஒன்றோடொன்று கலந்து, சில நிறங்கள் கூடி, சில நிறங்கள் குறைகின்றன. சிப்பி ஓடுகளின் நிறங்களை 1930களில் ஆராய்ந்த ராமன், 1954-ல் கிருஷ்ணமூர்த்தியுடன் சேர்ந்து முத்துகளின் ஒளியியலைப் பற்றியே எழுதினார்.

இதில் இரண்டு வகைத் துகள்களுக்கும் பங்கு உண்டு. தகடுகளை அரை மைக்ரோமீட்டர் தடிமனில், சுருங்கிவிடாமல், வருடக்கணக்காக அப்படியே வைத்திருப்பவை தங்கள் இடத்தை விட்டுக்கொடுக்காத எலெக்ட்ரான்கள். அந்த அடுக்குகள் வழியே போய்த் திரும்பி, ஒன்றையொன்று தடுக்காமல் கலந்து, நிறமாக மாறி, கடைசியில் நம் விழித்திரையில் பட்டு அங்கேயே அழிந்துபோகிறவை ஃபோட்டான்கள். நாம் பார்க்கும் ஒவ்வொரு பார்வைக்கும் சில ஃபோட்டான்கள் செலவாகின்றன. முத்து மட்டும் அப்படியே இருக்கிறது.

அடுத்த முறை யாராவது "எல்லாமே ஆற்றல்தானே" என்று சொன்னால் மறுக்க வேண்டியதில்லை. "சரிதான், அதில் எது கணக்கில் வருது, எது பெர்த்தைப் பகிர்ந்துக்குது?" என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.